கண்டக்டரம்மாவின் இருபது ஸ்டாப்

கண்டக்டரம்மா விசில் அடித்தால் மூன்று தெரு தள்ளிப் போகிற லாரிகூட பிரேக் போட்டு நிற்கும். சரி, மூன்று தெரு கொஞ்சம் கூடுதல். ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அந்த லாரி நின்றதற்கு அதன் பின்சக்கரம் பஞ்சரானதும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் வண்டிச் சத்தம் கேட்டாலே பெஞ்சுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும் முப்பத்தொரு பிள்ளைகள் அந்த விசிலுக்கு எழுந்து வந்தார்களே, அதில் ஒரு சிட்டிகைகூடக் கலப்படம் இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் பதினாலு வருஷம் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். டிப்போவிலிருந்து துறைமுகம் வரை ஒரே தடம். கம்பியில் சாய்ந்து சாய்ந்து இடது இடுப்பில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. கெட்டித் தரையில் நிற்கும்போதும் காலை அகட்டித்தான் நிற்பாள். பூமியை ஓட்டுகிறவன் எப்போது பிரேக் போடுவானோ என்று அவளுக்குச் சந்தேகம். சண்டை ஊருக்குள் வந்த காலையில் ஆளாளுக்கு நகையும் பத்திரமும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இவள் தோல்பையைத் தோளில் மாட்டி, விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"வேற எதுவும் கெடைக்கலையா உனக்கு?" என்று கேட்டவர்களிடம், "வேலைக்குக் கெளம்புற பழக்கத்துல மாட்டிட்டேன். பாதி வழியிலதான் தெரிஞ்சுது, இன்னிக்கு டூட்டி இல்லன்னு," என்பாள்.

இந்தப் பக்கம் அவளுக்குக் கிடைத்தது பழைய உரக் கிடங்கு. பிளைவுட் தடுப்பு வைத்து நூறு குடும்பத்துக்கு நூறு அறை பிரித்து, அகதிக் குடியிருப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்து அறைக்காரர் தும்மினால் இங்கிருந்தே ஆயுசு நூறு என்று வாழ்த்தலாம். மழை பெய்தால் சுவரிலிருந்து உர வாடை இறங்கும். கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் மழலை வகுப்பு. கூட்டிப் பெருக்கும் வேலைக்குத்தான் அவளை முதலில் வைத்தார்கள். பாடம் நடத்த வந்த பெண் ஒன்பதாம் நாள் காலையில் வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. அலுவலகத்துக் கிளார்க் வந்து கொட்டகைக்குள் தலையை மட்டும் நீட்டினார்.

"இப்போதைக்கு நீங்களே பாத்துக்கங்கம்மா. சும்மா உக்கார வெச்சிருந்தா போதும்."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"இப்போதைக்குத்தான்."

அந்த இப்போதைக்கு நாலு வருஷம் நீண்டது. அரசாங்கத்து அகராதியில் அதற்கு அவ்வளவு நீளம் உண்டு.

நகரத்துத் தொடக்கப் பள்ளி நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அதன் வாசலிலேயே ஒரு மழலைப் பள்ளி. முப்பது பிள்ளைக்கு மூன்று டீச்சர், முட்டி உயர நாற்காலி, முட்டி உயரக் குழாய். அங்கே படித்த பிள்ளைகள் ஆறு வயதில் சான்றிதழோடு நேரே ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். குடியிருப்புக் கொட்டகைக்கு அங்கீகாரம் இல்லை; ஆகவே சான்றிதழும் இல்லை. சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு இடம் மிச்சம் இருந்தால்தான். மிச்சம் எப்போது இருந்திருக்கிறது? குடியிருப்பில் எட்டு வயதுப் பையன்கள் பல்லும் முளைத்து மீசையும் வரப்போகிற வயதில் ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மீசை வரப்போகிற வயது என்பது மிகைதான். முட்டி இடித்தது மிகை இல்லை.

ஒரு நாள் பல் பரிசோதனைக்குப் பிள்ளைகளை நகரத்துக்குக் கூட்டிப்போக ஒரு வேன் வந்தது. வெள்ளை வேன், ஓரத்தில் சிரிக்கிற பல் படம். அதைப் பார்த்ததும் முப்பத்தொன்றும் சிதறின. சிலது பெஞ்சடியில்; சிலது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். பூட்டு என்று மற்றப் பிள்ளைகள் பெயர் வைத்திருந்த ஒரு சின்னவள் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வந்ததிலிருந்து அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. அதனால்தான் அந்தப் பெயர். வேன்காரர் அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்றைக்கு மற்றவர்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். கண்டக்டரம்மா திட்டவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாம் இங்கே லாரியில் வந்தவை. நெரிசலில் ஏற முடிந்தவர்கள் ஏறினார்கள்; முடியாதவர்களை விட்டுவிட்டு லாரி கிளம்பியது. வண்டி என்றால் யாரையாவது விட்டுவிட்டுப் போவது என்றுதான் பிள்ளைகள் படித்திருந்தார்கள். முதல் பாடமே அதுதான். நாளைக்கு அங்கீகாரமே வந்தாலும் பள்ளிக்கு இதே மாதிரி ஒரு வேன்தானே வந்து நிற்கப்போகிறது? ஏறாத பிள்ளைக்கு எந்தச் சான்றிதழ் கொடுத்து என்ன?

மறுநாள் கொட்டகைக்கு வந்த பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பெஞ்சுகள் எல்லாம் இரண்டு வரிசையாக, நடுவில் நடைபாதை விட்டுக் கிடந்தன. துணிக்கொடிக் கயிறு தலைக்கு மேலே நீளமாகக் கட்டியிருந்தது, பிடித்துக்கொள்ள. பிஸ்கட் அட்டையில் வெட்டிய டிக்கெட்டுகள் தோல்பைக்குள் இருந்தன.

"ஏறு, ஏறு, உள்ள போ, உள்ள எடம் இருக்கு. படியில நிக்காத, தம்பி. அம்மணி, உன் மூக்கை உள்ள இழுத்துக்க, கதவு இடிக்கும்."

முப்பது பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பூட்டு மட்டும் வாசலுக்கு வெளியே நின்றாள். கண்டக்டரம்மா விசிலை வாயருகே கொண்டுபோனாள், எல்லாரையும் ஒரு தரம் பார்த்தாள், விசிலை இறக்கிவிட்டாள்.

"வண்டி நகராது. ஒரு டிக்கெட் வெளிய நிக்குது."

அவ்வளவுதான். அவளை இழுக்கவில்லை, கெஞ்சவில்லை, மிட்டாய் காட்டவில்லை. பகல் பன்னிரண்டு வரை முப்பது பிள்ளைகளும் நகராத பேருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளும் அப்படியே. வேடிக்கை பார்க்க வந்த தாய்மார்கள் சிரித்தார்கள்.

"என்னக்கா, வண்டி ரிப்பேரா? தள்ளிவிடவா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆள் ஏறணும்."

"அந்த ஒண்ணு ஏறாட்டி என்ன? முப்பது ஏறிருச்சே."

"முப்பது ஏறுனா எடுத்துட்டுப் போற வண்டியிலதான நாம வந்தோம். நல்லாவா இருந்துச்சு?"

அதற்கு மேல் அந்தத் தாய் சிரிக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து தாய்மார்கள் வாசலைச் சுற்றி நிற்பதை விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் சலிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்காராத வாண்டுகள், காலையில் வந்து டிக்கெட் வாங்கி, தன் இடத்தில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி வாசலைப் பார்ப்பார்கள். யாரும் பூட்டைக் கூப்பிடவில்லை. அவளுக்கு ஒரு ஜன்னல் இடம் விட்டு வைத்திருந்தார்கள். கிடங்கிலேயே பெரிய வாலு என்று பெயரெடுத்த ஒருவன் அந்த இடத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டான்.

பத்தொன்பதாம் நாள் பூட்டு படி ஏறினாள். படி என்ன படி, ஒரு செங்கல். ஏறி, டிக்கெட்டுக்குக் கையை நீட்டினாள், ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கண்டக்டரம்மா வெளியே இறங்கி, கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்து, தொட்டிக்குப் பின்னாலும் கம்பத்தடியிலும் யாரும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்படி பார்த்துவிட்டு, கடைசி ஆளாக ஏறினாள். இரண்டு விசில் அடித்தாள்.

கொட்டகை அன்றைக்கு ஒரு சாண் நகர்ந்தது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். காற்றில் தகரம் ஆடியிருக்கும். ஆனாலும் உள்ளே இருந்த முப்பத்தொன்றும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே நேரம் நிமிர்ந்தன என்பது சத்தியம்.

வண்டி நகர்ந்த பிறகு ஸ்டாப் சொல்லாமல் இருக்க முடியுமா? அவளுக்குத் தெரிந்தது ஒரே தடம். புத்தகம் இல்லை, படம் இல்லை, மணிச் சட்டம் இல்லை, விரல்தான் இருந்தது. டிப்போ கட்டைவிரல், மணிக்கூண்டு ஆள்காட்டி, பால்பண்ணை நடுவிரல், தபால் ஆபீஸ் மோதிரவிரல், ஆஸ்பத்திரி சுண்டுவிரல். அடுத்த கையில் மரக்கடை, மீன் சந்தை, நூலகம், ரயில் கேட், பெரிய பாலம். பாலம் தாண்டினால் செருப்பைக் கழட்ட வேண்டும். ஐஸ் கம்பெனி, கோர்ட்டு, துணி மில், திடல், பழைய சிறை என்று கால்விரலில் தடம் ஓடி, இருபதாவது விரலில் துறைமுகம். அங்கே எல்லாரும் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஏறினால் இரண்டாவது ட்ரிப்.

ஒரு வருஷத்தில் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் விரலை மடக்கினார்கள். கூரையில் உட்கார்ந்த காக்கா மீன் சந்தை வரை இருந்தது. மழையில் ஒழுகும் ஓட்டை கோர்ட்டு வரை. தண்ணீர் லாரிக்காரரிடம் நாலு வயசுப் பொடிசு ஒன்று இடுப்பில் கைவைத்து, "அண்ணா, மூணாவது ட்ரிப் ஆஸ்பத்திரி கொடம் வந்துருக்கு. இன்னும் பாக்கி இருக்கு," என்றது. லாரிக்காரர் நாற்பத்தைந்து என்று எழுதிக்கொண்டார். அவருக்கும் பழகிவிட்டது. கிடங்கு முழுக்கவே அப்படித்தான் பேசியது. யாரும் பார்த்திராத ஒரு ஊரின் தெருக்களைத் தொட்டுத் தொட்டு அந்தப் பிள்ளைகள் உலகத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் வருஷம் அங்கீகாரத்துக்குச் சோதனை என்று கடிதம் வந்தது. அதற்குள் பெரியதுகள் வயது தாண்டிப் போய்ச் சின்னதுகள் வந்து சேர்ந்திருந்தாலும், எண்ணிக்கை அதே முப்பத்தொன்றுதான். வந்தவர் ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கிற அதிகாரி. நெற்றியில் மூக்குக்கண்ணாடி, கையில் மதிப்பெண் தாள், பையில் ஒரு டப்பா நிறைய நீலப் பாசிமணி. பத்துக் கேள்வி. அதில் எண்ணுகிற கேள்வி கட்டாயம். பாதிப் பேராவது தேறாவிட்டால் அங்கீகாரம் கிடையாது. நிறம் கேட்டார், சொன்னார்கள். கதை கேட்டார், போதும் போதும் என்கிற வரை சொன்னார்கள். பொத்தான் போடச் சொன்னார். தன் பொத்தானைப் போட்டுவிட்டு அவர் சட்டையில் அவிழ்ந்திருந்ததையும் போட்டுவிட்டார்கள். கண்டக்டரம்மாவுக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

பிறகு நாலு பாசிமணியை மேசையில் வைத்தார்.

"எத்தனை இருக்கு, சொல்லு பாப்போம்."

"தபால் ஆபீஸ்," என்றான் பெரிய வாலு.

"என்னது?"

"தபால் ஆபீஸ் சார்."

அதிகாரி தாளில் ஒரு சுழி போட்டார். அடுத்த பிள்ளைக்கு ஏழு வைத்தார். மீன் சந்தை. இன்னொரு சுழி. அடுத்ததற்குப் பன்னிரண்டு. அந்தப் பெண் நிதானமாகச் செருப்பைக் கழட்டுவதைப் பார்த்து, "எதுக்கும்மா செருப்பைக் கழட்டுற?" என்றார்.

"பாலம் தாண்டிருச்சு," என்று சொல்லிவிட்டு, "கோர்ட்டு," என்றாள் அவள்.

கண்டக்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவளுக்கு ஸ்டாப்தான் எண். பதினாலு வருஷம் ஸ்டாப்பை வைத்துத்தான் ஆளையும் டிக்கெட்டையும் கணக்குப் பார்த்தவள். அது வேறு, இது வேறு என்று ஒருவர் சொன்னால்தான் தெரியும்; கிடங்கில் சொல்வதற்கு யார் இருந்தார்கள்? பதினாறு பிள்ளை, பதினாறு சுழி; பாதி தாண்டிவிட்டது. இடுப்புப் பள்ளத்தில் கம்பி இல்லாமல் அவள் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். லாரியில் வந்த பிள்ளைகளை வேனுக்குப் பழக்கிவிட்டு, வேன் வரும் நேரத்தில் தானே இறக்கிவிட்டோமே.

"சார், எண்ணத் தெரியும் சார் அதுங்களுக்கு. பேருதான் வேற. தப்பு என்னோடது."

"எல்லாருக்கும் ஒரே தாள்தாம்மா. நகரத்துப் பள்ளிக்கும் இதேதான்."

"தாள் ஒண்ணுதான் சார். அங்க டிப்போலயே உக்காந்து வராங்க. இதுங்க நடுவழியில ஏறுனதுங்க."

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அதிகாரி தாளை மடித்து, டப்பாவையும் பையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஒரு கால் செங்கல்மேல், ஒரு கால் வெளியே. அங்கே நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளுக்குக் கடைசி ட்ரிப். அது முடிந்தால்தான் வீட்டுக்கு. எல்லாரும் தன் தன் இடத்தில் உட்கார்ந்து கயிற்றைப் பார்த்தார்கள். விசில் வரவில்லை. கண்டக்டரம்மா விசிலையே மறந்து நின்றாள். ஆனால் பிள்ளைகள் அவளைப் பார்க்கவில்லை. அத்தனை தலையும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அதிகாரி முதுகில் ஏதோ ஊர்வதுபோல் திரும்பினார். "என்னம்மா, ஏன் இப்பிடிப் பாக்குதுங்க?"

"ஒண்ணுமில்ல சார். நீங்க படியில நிக்கிறீங்க. ஆள் ஏறாம வண்டி எடுக்க மாட்டாங்க."

"நான் போறவன்மா."

"அது அதுங்களுக்குத் தெரியாது."

"நான் இப்பிடியே கெளம்பிட்டா?"

"உக்காந்திருக்கும். இதே மாதிரி பத்தொம்பது நாள் உக்காந்ததுங்க."

ஜன்னலோரத்திலிருந்து பூட்டு இறங்கி வந்தாள். கண்டக்டரம்மாவின் தோல்பைக்குள் கையை விட்டு ஒரு பிஸ்கட் அட்டை டிக்கெட்டை எடுத்து, அவர் கையில் வைத்து, அவர் சுண்டுவிரலைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். தன் ஜன்னல் இடத்தை அவருக்குக் கொடுத்தாள். அறுபதைத் தொடப்போகிற மனிதர் முட்டியைத் தாடைவரை மடக்கி அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தபோது மடியிலிருந்த டப்பா சரிந்து, பாசிமணி அத்தனையும் தரையில் கொட்டியது.

முப்பது பிள்ளைகளும் பாய்ந்து பொறுக்கினார்கள். பூட்டு எல்லாவற்றையும் தன் பாவாடையில் வாங்கிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழட்டினாள். விரலுக்கு ஒன்றாக வைத்து ஒரு குவியல்; தள்ளினாள்; இன்னொரு குவியல்; தள்ளினாள். அதிகாரி கண்ணாடியை இறக்கிக் குனிந்தார். தெருவில் போன லாரிகூடச் சத்தமில்லாமல் போயிற்று. கடைசியில் அவள் கால்விரல் ஒன்றைத் தொட்டு நிறுத்தி, தலையைத் தூக்கி, நாலு வருஷமாகப் பூட்டியிருந்த வாயைத் திறந்தாள்.

"ஒம்பதாவது ட்ரிப். துணி மில்."

குரல் அப்படி ஒன்றும் தேன் இல்லை. கொஞ்சம் கட்டைக் குரல். ஆனால் பெரிய வாலு அழுதுவிட்டான். கண்டக்டரம்மா சுவரைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

அதிகாரி தரையில் இறங்கி உட்கார்ந்தார். தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். எட்டு முழு ட்ரிப். எட்டு இருபது நூற்றி அறுபது. துணி மில்லுக்குக் கண்டக்டரம்மாவைப் பார்த்தார். "பதிமூணு," என்றாள். நூற்றி எழுபத்து மூன்று. பிறகு பாசிமணியைத் தானே ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நூத்தி எழுவத்தி ரெண்டும்மா. ஒண்ணு தப்பு. ஆனாலும் இந்த வயசுல..."

பூட்டு தலையை ஆட்டினாள். அவருடைய இடது ஷூவைக் காட்டினாள். அவர் காலைத் தூக்கினார். ஷூவின் அடிப்பள்ளத்தில் ஒரு நீலப் பாசிமணி சிக்கியிருந்தது. மற்றவர்கள் பொறுக்கும்போதே அவள் அதைப் பார்த்து, பெரியவர் காலைத் தட்டக் கூடாது என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதிகாரி அந்த ஒரு மணியை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருஷமாக எத்தனையோ பிள்ளைகளுக்குச் சுழி போட்ட கை அது. பிறகு தாளைப் பிரித்து, கண்ணுக்கு அருகே கொண்டுபோய் அந்தக் கேள்வியை வாய்விட்டுப் படித்தார்.

"இருபது வரை பொருள்களை எண்ணிச் சொல்கிறதா. அவ்வளவுதாம்மா போட்டிருக்கு. எந்தப் பேரைச் சொல்லி எண்ணணும்னு போடலை."

பதினாறு சுழியையும் அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கண்டக்டரம்மா ஸ்டாப்புகளை வரிசையாக எழுதிக் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார். மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. முப்பத்தொன்றும் தேறின. கிளம்பும்போது, "பள்ளிக்கூடம் தொறக்க ஆறு வாரம் இருக்கு. அதுக்குள்ள ஒண்ணு ரெண்டும் சொல்லிக் குடுத்துருங்க. அங்க இருக்குற டீச்சருக்கு உங்க ரூட் தெரியாது," என்றார். சொல்லிவிட்டுத் திரும்ப வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வண்டி இன்னும் எடுக்கவில்லையே. இரண்டு விசில் கேட்டு, துறைமுகம் வந்து, எல்லாரும் இறங்கிய பிறகுதான் போனார். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, ஒன்றாம் வகுப்பு வயது வந்திருந்த பதினொரு பேருக்குப் பள்ளி வேன் வந்தது. அதே வெள்ளை வேன். சிரிக்கிற பல்லுக்குமேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஏறப்போகிற பதினொன்றும், வழியனுப்ப வந்த இருபதும் வரிசையாக நின்றன. யாரும் ஓடவில்லை. கண்டக்டரம்மா வேனைச் சுற்றி வந்து, தொட்டிக்குப் பின்னால் பார்த்து, கம்பத்தடியில் பார்த்து, விசில் அடித்தாள். பூட்டு ஜன்னலிலிருந்து விரலை மடக்கிக்கொண்டே, "பதினொண்ணு," என்று கட்டைக் குரலில் கத்தினாள். மறந்துபோய்விடுமோ என்று, "ஐஸ் கம்பெனி," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்தக் கொட்டகையிலிருந்து வேன் நிறையத்தான் போகிறது. சாலை போட்ட மகராசன் யாரோ, பிள்ளைகளின் விரலை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துத்தான் டிப்போவிலிருந்து துறைமுகம் வரை சரியாக இருபது ஸ்டாப் வைத்திருக்கிறான்.

கதையை நான் இந்த இடம் வரை சொன்னபோது, எதிரே உட்கார்ந்து பிஸ்கட் அட்டையை டிக்கெட்டாக வெட்டிக்கொண்டிருந்த கண்டக்டரம்மா, கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னாள்: "இருபது இல்ல. இருபத்தி ஒண்ணு. திடலுக்கும் பழைய செறைக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு. வெரல் இருபதுதான இருக்கு, ஒண்ணை எடுத்தாகணும். மத்த ஸ்டாப்புல எல்லாம் யார் யாரோ எறங்க வேண்டியிருக்கும். அந்த ஸ்டாப்புல டூட்டி முடிஞ்சு வீட்டுக்குன்னு எறங்குறது நான் ஒருத்திதான்."